கனிக்கலவையும் இனிப்புத் துக்கடாவும்

சிற்றுண்டி என்றதும் நம் நாட்டில் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது அடுப்பும் எண்ணெயுமே. பழம் என்றாலோ, அது நோயாளிக்கு உரியது, பூஜைக்கு உரியது, விருந்து முடிந்து இலை எடுப்பதற்கு முன் உண்பது என்று ஒதுக்கி வைத்துவிடுகிறோம். கூடையில் வாங்கி வைத்த கொய்யா குழைந்து போகும். வாழைப்பழம் கறுத்துப் போகும். அதே வீட்டில் பள்ளியிலிருந்து பசியோடு வரும் குழந்தை, கடையில் தொங்கும் வறுவல் பொட்டலத்துக்குக் காசு கேட்கும். பழமும் இருக்கிறது, பசியும் இருக்கிறது; இரண்டையும் சேர்த்து வைக்கத்தான் ஒருவரும் இல்லை.

இவ்விரண்டையும் சேர்த்து வைக்கும் எளிய சிற்றுண்டி ஒன்றைப் பற்றியே இன்று கூற விரும்புகிறேன். பல பழங்களைப் பொடியாக நறுக்கி, எலுமிச்சையும் சீரகமும் சேர்த்துக் கலந்த கனிக்கலவை ஒன்று. அதை அள்ளி உண்பதற்கு வீட்டிலேயே செய்த இனிப்புத் துக்கடா மற்றொன்று. கரண்டி வேண்டுவதில்லை, துக்கடாவே கரண்டி. செய்வதற்குக் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமானால் போதும்.

இது முற்றிலும் புதிய பண்டம் அன்று. இதன் இரு பகுதிகளும் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருபவையே. டில்லியிலும் ஏனைய வட இந்திய நகரங்களிலும் பழங்களை நறுக்கிக் கருப்பு உப்பும் வறுத்த சீரகப் பொடியும் மாங்காய்ப் பொடியும் தூவி, 'ஃப்ரூட் சாட்' என்ற பெயரால் தெருவோரத்தில் விற்பதைப் பலரும் கண்டிருக்கலாம். மாவில் இனிப்புச் சேர்த்துப் பொரித்தெடுக்கும் பண்டமோ இந்தியா எங்கும் உண்டு. வட நாட்டில் அது ஷக்கர்பாரா, மகாராஷ்டிரத்தில் தீபாவளிப் பட்சணங்களுள் ஒன்றான சங்கர்பாளி, பீகாரில் சட் பூஜைக்குப் படைக்கும் தேகுவா, கோவாவில் கிறிஸ்துமஸ் காலத்துக் குல்குல், நம்மிடத்தில் துக்கடா. பெயரும் வடிவமும் வேறானாலும் கோதுமை மாவு, இனிப்பு, நெய், முறுகல் பதம் என்ற அடிப்படை ஒன்றே. பண்டிகை நாளில் டப்பாவில் இருந்த துக்கடாவையும், தெருவோரத்தில் இருந்த பழக்கலவையையும் ஒரே தட்டில் கொண்டுவந்து வைப்பதுதான் நாம் செய்யப்போவது.

இச்சிற்றுண்டியை வெறும் நாவின் சுவைக்காக மட்டும் நான் பரிந்துரைக்கவில்லை. நாளொன்றுக்குப் பழமும் காய்கறியுமாக 400 கிராமுக்குக் குறையாமல் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம்மில் எத்தனை பேர் தினந்தோறும் ஒரு பழமாவது உண்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால், நமக்கும் அந்த அளவுக்கும் உள்ள தூரம் விளங்கும்.

இன்னும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு மேற்பட்டு ஐந்து வயது நிறையாத இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை இருந்தது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு அந்நிலை. இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. இரும்புச்சத்துக் குறைவு அவற்றுள் பெரியது. தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேர்வதில்லை. அதே வேளையில் வைட்டமின் 'சி' நிறைந்த உணவையும் உண்டால் அது கூடுதலாகச் சேரும். கோதுமைத் துக்கடாவோடு கொய்யாவையும் ஆரஞ்சையும் சேர்த்து உண்பதில் இந்த நன்மை அடங்கியுள்ளது. இதனாலேயே சோகை தீர்ந்துவிடும் என்று நான் கூறவில்லை. அதற்கு மருத்துவர் தரும் மருந்து மருந்துதான். ஆனால் அன்றாட உணவை அறிந்து சேர்த்து உண்பது மருந்துக்குத் துணை நிற்கும். இச்சிற்றுண்டியோடு கூடவே தேநீர் பருகுவது இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். ஆகையால் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்வது நலம்.

துக்கடா: சுருக்கமான முறை

முதலில் துக்கடாவை எடுத்துக்கொள்வோம். இதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று உடனே செய்வது. மற்றொன்று ஓய்வு நாளில் செய்து வைத்துக்கொள்வது.

உடனே செய்வதற்கு, காலையில் மீந்த சப்பாத்தி நான்கு இருந்தால் போதும். ஒவ்வொன்றின் மேலும் அரைத் தேக்கரண்டி நெய்யை மெல்லத் தடவுங்கள். பின்னர், வட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி எட்டு முக்கோணங்களாக்குங்கள். தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, அடிக்கடி திருப்பிப் போட்டு வாட்டுங்கள். எட்டுப் பத்து நிமிஷங்களில் அவை விறைத்து, பொன்னிறமாகி, தட்டினால் ஓசை தரும். அப்போது அடுப்பை அணைத்துவிட்டு, நான்கு தேக்கரண்டி பொடித்த சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி இலவங்கப்பட்டைப் பொடியும் கலந்து, சூடாக இருக்கும்போதே தூவிப் புரட்டுங்கள். பட்டையின் மணம் பிடிக்காதவர்கள் ஏலப்பொடி சேர்க்கலாம்.

சர்க்கரையை ஏன் முதலிலேயே தூவக்கூடாது என்று கேட்கலாம். சப்பாத்தி விறைப்பதற்கு அதிலுள்ள நீர் முழுதும் வெளியேற வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அந்நேரத்துக்குள் கல்லில் நேரே படும் சர்க்கரை உருகி, கருகி, கசந்துவிடும். கடைசியில் தூவினால், நெய்ப்பசையில் ஒட்டிக்கொண்டு தன் இனிப்போடு நிற்கும். வீட்டில் மின் அடுப்பு உள்ளவர்கள் 180 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் பத்து நிமிஷம் வைத்தும் எடுக்கலாம்.

செய்து வைத்துக்கொள்ளும் முறை

இரண்டாவது முறைக்குக் கோதுமை மாவு 200 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம், நெய் இரண்டு மேசைக்கரண்டி, ஏலக்காய் நான்கு, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவை வேண்டும். நெய்யை இளஞ்சூடாக்கி மாவில் விட்டு, விரல்களால் நன்றாகப் பிசிறிக்கொள்ளுங்கள். ஒரு பிடி மாவை எடுத்து இறுக்கிப் பிடித்தால் பிடித்தபடி நிற்க வேண்டும்; அதுவே பதம். பிறகு சர்க்கரை, ஏலப்பொடி, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, பாலோ நீரோ சிறிது சிறிதாகத் தெளித்துக் கெட்டியாகப் பிசையுங்கள். சர்க்கரை இளகி மாவைத் தளர்த்தும். எனவே நீரைத் தொடக்கத்திலேயே மிகுதியாக விட்டுவிடக் கூடாது. ஈரத்துணியால் மூடி இருபது நிமிஷம் ஊற விடுங்கள்.

ஊறிய மாவைச் சப்பாத்தி கனத்துக்கு இட்டு, முள்கரண்டியால் ஆங்காங்கே குத்தி, இரண்டு அங்குலச் சாய்சதுரங்களாக வெட்டுங்கள். குத்துவது எதற்கென்றால், குத்தாவிடில் துண்டு பூரிபோல் உப்பி உள்ளே வெற்றிடமாகிவிடும். பழத்தை அள்ளும்போது நொறுங்கிப்போகும்.

எண்ணெய் காய்ந்ததை அறிய, சிறு துண்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது அடியில் சென்று, சற்றுப் பொறுத்து மெல்ல மேலே வந்தால் பதம் சரி. போட்டவுடன் சீறிக்கொண்டு மேலே வந்து சிவந்தால் சூடு அதிகம். வெளிப்புறம் சிவக்கும், உட்புறம் மாவாகவே நிற்கும். எண்ணெயில் துண்டுகள் பிரிந்து கரைந்தால் நெய்யோ சர்க்கரையோ மிகுந்துவிட்டது என்று கொள்க. பிசைந்த மாவில் ஒரு பிடி மாவு சேர்த்தால் சரியாகும். மிதமான தீயில் பொன்னிறமாகப் பொரித்தெடுத்து வடியவிடுங்கள். வாணலியிலிருந்து எடுக்கும்போது அவை சற்று மெத்தென்றே இருக்கும்; ஆறியபின்தான் முறுகும். இன்னும் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் கருகல் வாடை வந்துவிடும்.

முறுகிய பண்டம் நமுத்துப் போவதற்குக் காரணம் ஈரம். துக்கடாவில் நீர் மிகக் குறைவு; சர்க்கரையோ காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. ஆகவே முற்றிலும் ஆறியபின்னரே காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூட வேண்டும். சூட்டோடு மூடினால், அதன் ஆவியே மூடியில் பட்டு நீராகி உள்ளே விழும். இவ்வாறு பாதுகாத்தால் பத்து நாட்கள் வரை கெடாது. சப்பாத்தியில் செய்ததை அன்றைக்கே தீர்த்துவிடுவது நல்லது.

பழங்களைத் தேர்தல்

இனி, பழங்கள். விலை உயர்ந்த பழமே சத்துள்ள பழம் என்றொரு தவறான எண்ணம் நம்மிடையே உண்டு. நூறு கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் வைட்டமின் 'சி' இருக்கிறது. அதே எடையுள்ள ஆரஞ்சில் 40 முதல் 50 மில்லிகிராம் வரை. ஆப்பிளில் சில மில்லிகிராம் மட்டுமே. ஆப்பிளைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதற்கென நார்ச்சத்தும் சுவையும் உண்டு. கொய்யாவுக்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். மாம்பழத்திலும் பப்பாளியிலும், உடலில் வைட்டமின் 'ஏ'யாக மாறும் சத்து உண்டு. அது கொழுப்போடு சேர்ந்து உண்ணப்பட்டால் நன்கு உட்கொள்ளப்படும். துக்கடாவிலுள்ள சிறிது நெய் அவ்வேலையைச் செய்கிறது.

பழத்தைப் பருவத்தோடு ஒட்டித் தேர்ந்தெடுங்கள். கோடையில் மாம்பழம், முலாம்பழம், தர்பூசணி. மழை தொடங்கும்போது நாவல், அன்னாசி. அதன்பின் இமாசலத்திலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வரும் ஆப்பிள். குளிர்காலத்தில் நாகபுரி ஆரஞ்சு, கொய்யா. 2018இல் பிரயாக்ராஜ் எனப் பெயர் மாறிய அலகாபாத்தின் செந்நிறக் கொய்யாவும், சோலாப்பூர் மாதுளையும், திரிபுராவின் அன்னாசியும் தத்தம் ஊர்ப் பெயராலேயே புகழ் பெற்றவை. வாழையும் பப்பாளியும் ஆண்டு முழுவதும் கிடைப்பவை. வாழை, மாம்பழம், பப்பாளி ஆகிய மூன்றின் விளைச்சலிலும் உலகில் முதலிடம் இந்தியாவுக்கே. இவற்றில் அன்னாசி, பப்பாளி, கொய்யா ஆகியவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை என்பதை நம்புவதே அரிது. அவ்வளவு தூரம் அவை நம் மண்ணோடு ஒன்றிவிட்டன.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்க வைத்த பழங்களை விற்பது 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடை செய்யப்பட்டது. அப்பொருளில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் கலப்பு இருக்கக்கூடும் என்பதே காரணம். பருவம் தொடங்கும் முன்பே சந்தைக்கு வந்து, தோல் முழுவதும் ஒரே மஞ்சளாக மின்னி, மணமின்றி, உள்ளே கெட்டியாக இருக்கும் மாம்பழத்தை ஐயத்தோடு நோக்குங்கள். காம்பருகே முகர்ந்து பார்த்து வாங்கும் நம் பாட்டிமாரின் வழக்கம் அறிவுடைய வழக்கமே.

கழுவுதலும் நறுக்குதலும்

தோல் சீவப்போகும் பழத்தைக் கழுவுவானேன் என்று சிலர் எண்ணுகிறார்கள். தோலின் மேலுள்ள அழுக்கும் கிருமியும் கத்தியின் வழியே சதைக்குள் செல்லும். ஆகையால் முலாம்பழமானாலும் பப்பாளியானாலும், வெட்டுவதற்கு முன் ஓடும் நல்ல நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு வேண்டுவதில்லை. கையும் கத்தியும் பலகையும் சுத்தமாயிருக்கட்டும். மீனோ இறைச்சியோ வெட்டிய பலகையில் பழத்தை வெட்டலாகாது.

நால்வருக்குச் சுமார் அரைக் கிலோ பழம் போதுமானது: பப்பாளித் துண்டு ஒன்று, கொய்யா ஒன்று, ஆப்பிள் அல்லது ஆரஞ்சு ஒன்று, வாழைப்பழம் ஒன்று, மாதுளை முத்து ஒரு பிடி. எல்லாவற்றையும் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்குங்கள். பெருந்துண்டு துக்கடாவில் நில்லாது. தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் மடியில் விழும்.

நறுக்குவதில் ஒரு வரிசை உண்டு. கெட்டியானவை முதலில், குழைபவை கடைசியில். ஆப்பிளும் வாழையும் வெட்டியவுடன் கறுக்கத் தொடங்குகின்றன. வெட்டுப்பட்ட இடத்தில் பழத்திலுள்ள ஒருவகை நொதி காற்றோடு சேர்ந்து வேலை செய்வதே அதற்குக் காரணம். புளிப்பு அந்நொதியின் வேகத்தைக் குறைத்துவிடும். எனவே பாத்திரத்தில் முதலிலேயே இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை விட்டு வைத்து, நறுக்க நறுக்கத் துண்டுகளை அதில் போட்டுப் புரட்டி வாருங்கள், நிறம் மாறாது. கறுத்துவிட்ட துண்டு நஞ்சன்று. ஆனால் குழந்தை அதை ஒதுக்கி வைத்துவிடும்.

எல்லாம் நறுக்கியபின், வறுத்துப் பொடித்த சீரகம் கால் தேக்கரண்டியும், பொடியாக அரிந்த புதினா சிறிதும் சேர்த்து மெல்லக் கலந்து வையுங்கள். உப்பை மட்டும் பரிமாறும் வேளையில் ஒரு சிட்டிகை தூவினால் போதும். உப்பும் சர்க்கரையும் பழத்திலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும்; முன்கூட்டியே சேர்த்தால் பழம் துவண்டு, சாறு அடியில் குளம் கட்டும். இக்கலவைக்குத் தனியே சர்க்கரை சேர்க்கத் தேவையே இல்லை. இனிப்புக்குத் துக்கடா இருக்கிறது. பால் சேர்த்தால் புளிப்பினால் திரியும். அன்னாசி கலந்த கலவையில் தயிர் சேர்த்து வைத்தால் கசக்கத் தொடங்கும். ஆகவே இரண்டையும் விலக்குக.

பரிமாறும்போது கனிக்கலவை ஒரு கிண்ணத்திலும் துக்கடா ஒரு தட்டிலுமாகத் தனித்தனியே இருக்க வேண்டும். முன்பே கலந்துவிட்டால் பழத்தின் நீரைத் துக்கடா குடித்து நமுத்துவிடும். உண்பவர் கையால் அள்ளும் அந்தக் கணத்தில்தான் இரண்டும் சந்திக்க வேண்டும். வெட்டிய பழம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கலாகாது. கடுங்கோடையில் ஒரு மணி நேரமே எல்லை. தெருவில் ஈ மொய்க்க, எப்போது வெட்டியது என்று தெரியாமல் கிடக்கும் பழத்துண்டை மழைக்காலத்தில் வாங்கி உண்பதால் வரும் வயிற்றுப்போக்கைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் செய்வதன் முதற்பயன் இதுவே.

யாருக்கு எவ்வளவு?

சர்க்கரையின் கணக்கையும் பார்த்துவிடுவோம். முதல் முறையில் நான்கு சப்பாத்திக்கு நான்கு தேக்கரண்டி சர்க்கரை. நால்வர் பங்கிட்டால் ஒருவருக்கு எட்டுத் துண்டும் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் ஆகும். அதாவது சுமார் ஐந்து கிராம். வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்ற கருத்தை உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்டது. முழுப் பழத்தில் இயல்பாக உள்ள இனிப்பு இக்கணக்கில் சேராது. பிழிந்த சாற்றின் இனிப்பு சேரும். பழத்தைச் சாறாக்குவதைவிடத் துண்டாக்கி உண்பது மேல் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீரிழிவு உள்ளவர்கள் துக்கடாவில் சர்க்கரையை நீக்கி ஓமமும் உப்பும் சேர்த்துக்கொள்ளலாம்; கலவையில் கொய்யாவையும் ஆப்பிளையும் கூட்டி, மாம்பழத்தையும் வாழையையும் குறைத்து, தம் மருத்துவர் கூறிய அளவிலேயே நிற்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திராட்சையை முழுதாகக் கொடுக்காமல் நெடுக்கில் நான்காகப் பிளந்து கொடுங்கள். முழுத் திராட்சை தொண்டையை அடைத்துவிடக்கூடும். கெட்டியான துக்கடா பல் முளைக்கும் பருவத்துக் குழந்தைக்கு உரியதன்று. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கான பழக்கூழில் தேனைச் சேர்க்கவே கூடாது.

கல்லில் சப்பாத்தித் துண்டு வாடிக்கொண்டிருக்கும் பத்து நிமிஷத்தில் பழத்தை நறுக்கி முடித்துவிடலாம். எண்ணெய்ச் சட்டியை வைக்காததால் செலவும் குறைவு. நறுக்கும் வேலையை இல்லத்தரசி ஒருவரே செய்ய வேண்டும் என்பதும் இல்லை. மாதுளை உதிர்ப்பதையும் ஆரஞ்சுச் சுளை பிரிப்பதையும் சிறுவர் சிறுமியரிடமே விட்டுவிடுங்கள். தாம் உதிர்த்த மாதுளையை வேண்டாம் என்று சொல்லும் குழந்தை அரிது.

நாளைக் காலை சப்பாத்தி இடும்போது நான்கு கூடுதலாக இட்டு வையுங்கள். சந்தையில் எந்தப் பழம் மலிவோ அதில் அரைக் கிலோ வாங்குங்கள். மாலையில் கிண்ணமும் தட்டும் முன்னால் வந்தால், பொட்டலத்துக்குக் காசு கேட்ட கை தானாகவே கிண்ணத்தை நோக்கி நீளும்.